ஏரிக்கு முதுகு காட்டிய நாற்காலி

மலேசியாவில், கிள்ளானில் அந்த அடுக்குமாடி வீடுகளில் டொரத்தியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பேச்சுதான். அப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கப் புண்ணியம் பண்ணியிருக்க வேண்டும் என்பார்கள். புருஷன் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வர விட்டதில்லை. முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிறு தவறாமல் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்துவிடுவாள். பங்குச் சாமியார் ஒரு தடவை பிரசங்கத்திலேயே அவள் பெயரைச் சொன்னார். டொரத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நாற்காலியில் இருந்த செபாஸ்டியன் சத்தமாக, "ஆமா" என்றார். கோயிலே நெகிழ்ந்துபோனது.

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. சில பேருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. கோபம் வந்தாலும் அதே சொல்தான், கொஞ்சம் உரக்க.

முன்பெல்லாம் செபாஸ்டியன் என்றாலே குரல்தான். மூன்றாவது மாடியில் அவர் தும்மினால் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவன் அண்ணாந்து பார்ப்பான். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். கல்யாணம், சாவு, பிறந்தநாள் எதுவானாலும் நடுநாயகமாக நிற்பார். அடுக்குமாடிக்கென்று டிராகன் படகு அணி ஒன்றை ஆரம்பித்ததும் அவர்தான். படகின் முன்னால் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்து டிரம் அடிப்பார். அவர் அடிக்கிற அடிக்குத்தான் இருபது துடுப்பும் விழும்.

டொரத்தி காப்பார் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியோடு சரி. ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. அவளுடைய இங்கிலீஷ்தான் அவர் வீட்டு விருந்துகளின் தொடுகறி. "டொரத்தி, நம்ம வீட்ல ஐஸ் பெட்டி இருக்கே, அதுக்கு இங்கிலீஷ்ல என்னா?" என்று கேட்பார். அவள் சொல்ல மாட்டேன் என்பாள். விட மாட்டார். கடைசியில் அவள் வாய் குழறி ஏதோ சொல்ல, அதை அவர் அப்படியே அவள் குரலில் திருப்பிச் சொல்வார். கிறிஸ்துமஸ் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒரு நாள் அவர் அவள்மேல் கை வைத்ததில்லை. அதனால் யாரிடமும் போய்ச் சொல்லவும் அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சொன்னால், "ஒன்னியச் சிரிக்க வைக்கத்தானே லா பேசுறாரு, இதுக்குப் போயி" என்பார்கள்.

இந்த வருஷம் ஷா ஆலம் பக்கத்து ஏரிப் பூங்காவில் குடியிருப்புகளுக்கான படகுப் போட்டி என்று அறிவித்ததும், இப்போது அணியின் தலைவனாக இருக்கும் ரோனி நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். "அங்கிள் கட்டாயம் வரணும் ஆன்டி. அவரு இல்லாம நாங்க என்னத்த துடுப்பு போடுறது? முன்னாடி கொட்டாய்ல எடம் போட்டு வைக்கிறேன்."

டொரத்தி சரி என்றாள். மனதில் வஞ்சம் எதுவும் இல்லை. அவருக்கென்று ஒரு புதுச் சட்டை வாங்கினாள். நீலக் கட்டம் போட்டது. காலையில் முகம் மழித்து, பவுடர் போட்டு, தலை சீவிவிட்டாள். மகள் டீனா செந்தூலிலிருந்து மைவி காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தபோது, "ஹீரோ மாதிரி இருக்கீங்க டாடி" என்றாள். "ஆமா" என்றார். மூவருமே சிரித்தார்கள். அப்படித்தான் கிளம்பினார்கள்.

பூங்காவில் காலையிலேயே நல்ல கூட்டம். ஏரியைச் சுற்றித் தின்பண்டக் கடைகள். நாசி லெமாக், செண்டோல், கரும்புச்சாறு. மைக்கில் ஒருவர் மலாயில் ஒவ்வொரு குடியிருப்பின் பெயராகச் சொல்லி அணிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டிராகன் தலை வைத்த படகுகள் படகுத் துறையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. நாற்காலி உள்ளே நுழைந்ததுதான் தாமதம், சிவப்பு டீ-ஷர்ட் போட்ட பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் காலைத் தொட்டான். ஒருவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். செபாஸ்டியனின் பாதி முகம் மலர்ந்தது. மற்றப் பாதி சும்மா இருந்தது.

ரோனி புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினான். "இவருதான்டா நம்ம செபாஸ்டியன் அங்கிள். அங்கிள், ஞாபகம் இருக்கா? மொத தடவ கப்பு அடிச்சமே, அன்னிக்கு இதே ஏரியில, ஆன்டிய போட்ல ஏத்துனீங்களே!"

டொரத்தியின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது.

"எனக்கு அப்ப பதினாறு வயசு. நானும் போட்ல இருக்கேன். 'வா டொரத்தி, ராணி மாதிரி முன்னால ஒக்காரு'ன்னு அங்கிள் கூப்புடுறாரு. ஆன்டிக்கு நீச்சல் தெரியாது, வேணாம் வேணாங்கிறாங்க. எப்படியோ ஏத்தியாச்சு. கொஞ்ச தூரம் போனதும் அங்கிள் கண்ணு காட்டுனாரு. எல்லாரும் சேந்து ஒரே ஆட்டு. போட்டு கவுந்து போச்சு! ஆன்டி 'யேசுவே, செத்தேன்'னு கைய கால அடிக்கிறாங்க. அங்கிள் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னா சொன்னாரு தெரியுமா? 'எந்திரிச்சி நில்லுடி, நெஞ்சு வரைக்கும்தான் தண்ணி!'"

பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். ரோனிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. டொரத்தியின் தோளில் கை போட்டு, "ஆன்டி செம்ம ஸ்போர்ட்டிங்" என்றான். டொரத்தியும் சிரித்தாள். அந்தக் கதைக்குச் சிரித்துச் சிரித்து அவளுக்குப் பழகியிருந்தது. எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை பிறந்தநாள். ஆனால் அவர் விழுந்ததிலிருந்து அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை. செத்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. செபாஸ்டியன் சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயிலிருந்து எச்சில் வடிய, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆமா, ஆமா, ஆமா" என்றார். முகத்தைத் திருப்பி அவளையே பார்த்துச் சொன்னார்.

டொரத்தி கைப்பையிலிருந்து துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள்.

"ரோனி, கொட்டாய் வேணாம்யா" என்றாள். "கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும் இவருக்கு ஆகாது. நான் அந்த மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அங்கேருந்து தெரியுமா ஆன்டி?"

"நல்லா தெரியும்."

டீனா செண்டோல் வாங்க வரிசையில் போய் நின்றிருந்தாள். டொரத்தி நாற்காலியைப் புல்தரையில் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு பெரிய மழைமரம். அதன் நிழலில் நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பி, பிரேக்கை அழுத்தினாள். செபாஸ்டியனின் முதுகு ஏரியைப் பார்த்திருந்தது. அவர் எதிரில் கார் நிறுத்துமிடமும் குப்பைத்தொட்டி ஒன்றும் இருந்தன. கையோடு கொண்டு வந்த மடக்கு நாற்காலியை விரித்து அவருக்கு நேர் எதிரே போட்டு டொரத்தி உட்கார்ந்தாள். அவர் தலைக்கு மேலாக அவளுக்கு முழு ஏரியும் தெரிந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. தவறுதலாக நிறுத்திவிட்டாள் என்று நினைத்தார் போலும். நல்ல கையால் பின்னால் காட்டினார். "ஆமா?"

"வெயில் கண்ணுல அடிக்குமுங்க" என்றாள். "இப்படியே இருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

"ஆமா!"

இடது காலால் தரையை உதைத்தார். புல் பெயர்ந்தது. பிரேக் போட்ட நாற்காலி ஒரு விரல் அளவுக்குத் திரும்பியது. இன்னொரு உதை. இன்னும் கொஞ்சம். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. டொரத்தி அவர் பாடுபடுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, பழையபடி நேராக வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. வெகு காலத்துக்குப் பிறகு உடம்பெல்லாம் லேசானது போல் இருந்தது அவளுக்கு.

ஊதல் சத்தம் கேட்டது. இறுதிப் போட்டி. நாலு படகுகள் புறப்பட்டன. சிவப்புச் சட்டைகள் முதல் வீச்சிலேயே முன்னால் வந்துவிட்டன. ரோனி டிரம்மை அடிக்க, துடுப்புகள் ஒரே ஆள் கை போல விழுந்து எழுந்தன.

"ஐயோ, என்னங்க இது" என்றாள் டொரத்தி. "நம்ம போட்டு நின்ன எடத்துலயே நிக்குது."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒருத்தன் துடுப்ப விட்டுட்டான். பச்சை சட்டைக்காரங்க போயிட்டாங்க, மஞ்சளும் போயிருச்சு. ரோனிக்கு அடிக்கத் தெரியல. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறானுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்களே, கேக்குதா?"

கரையில் ஆரவாரம். அது எதற்கான ஆரவாரம் என்று முதுகுப்பக்கமாகக் கேட்டுச் சொல்ல முடியாது. ஆனால் டிரம் சத்தம் அவருக்குக் கேட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டார். நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய இடது கை விரல்கள் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. தண்ணீரில் விழும் அதே தாளம், தப்பாமல், டிரம்மின் வேகம் கூடக் கூட விரல்களின் வேகமும் கூடியது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுஷன் காதாலேயே படகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டொரத்தி முன்னால் நகர்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள். விரல்கள் உள்ளே துடித்தன. அவள் விடவில்லை.

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஹாஜிரா அந்த வழியாக வந்தாள். தட்டில் பொரித்த வாழைப்பழத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "மாஷா அல்லாஹ், அப்படியே இருங்கக்கா" என்று போனை எடுத்துப் படம் பிடித்தாள். "இந்த வயசுல கையப் புடிச்சிக்கிட்டு! அண்ணே, அக்கா நல்லா பாத்துக்கிறாங்களா?"

செபாஸ்டியன் வாயைத் திறந்தார். நாக்கு புரண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல, உள்ளே எங்கேயோ கிடக்கிற ஒரு சொல்லைப் பிடித்து இழுக்க, அவர் படுகிற பாட்டை டொரத்தி கிட்டே இருந்து பார்த்தாள்.

"ஆமா" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு ஹாஜிரா போனாள்.

சிவப்புப் படகு கோட்டைக் கடந்தது. "முடிஞ்சிருச்சுங்க" என்றாள் டொரத்தி. "கடைசி. நாலாவது. நீங்க இல்லாத டீம் வேற எப்படி இருக்கும்? விடுங்க." செபாஸ்டியனின் கண்கள் அவளை விட்டுக் குப்பைத்தொட்டிப் பக்கம் போயின.

கொஞ்ச நேரத்தில் ரோனியும் பிள்ளைகளும் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்கள். ஈரக் கையோடு ரோனி தன் கழுத்திலிருந்த தங்க நிறப் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். "அடிச்சிட்டோம் அங்கிள்! ரெண்டு போட் தூரம் முன்னாடி! பாத்தீங்களா? பாத்தீங்கதானே?"

அவர் பதக்கத்தைப் பார்த்தார். ரோனியைப் பார்த்தார். பிறகு டொரத்தியைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது.

"சந்தோஷம், அங்கிளுக்குச் சந்தோஷம் தாங்கல" என்று பிள்ளைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டொரத்தி துண்டை எடுத்து அவர் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டாள்.

காரில் அவரை ஏற்றி, நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தார்கள். டீனா டிக்கியை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள். இன்னொரு கையில், வாங்கிய செண்டோல் ஐஸ் உருகிக் கலங்கலாகக் கிடந்தது.

"நான் பாத்தேன் மம்மி."

"என்ன பாத்த?"

"வரிசையில நின்னுக்கிட்டு எல்லாத்தையும் பாத்தேன். டாடி காலால ஒதச்சி ஒதச்சித் திரும்புறாரு. நீங்க எந்திரிச்சிப் போயி திருப்பி வைக்கிறீங்க. எனக்குக் காலு நகரல. மம்மி, அவரு ஒரு சீக்காளி. ஏன் இப்படி?"

டொரத்தி மகளை ஏறிட்டுப் பார்த்தாள். சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள்.

"அன்னிக்கு நீயும் சிரிச்ச" என்றாள்.

"என்னிக்கு?"

"என்னியத் தண்ணியில கவுத்தாங்களே, அன்னிக்கு. தண்ணிய விட்டு நான் தலையத் தூக்குனதும் மொதல்ல ஒன் மூஞ்சியத்தான் தேடுனேன். நீ பயந்திருப்பேன்னு. நீ கரையில நின்னு கைதட்டிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு இருந்த."

டீனா டிக்கியிலிருந்து கையை எடுத்தாள். "எனக்குப் பத்து வயசு மம்மி!"

"தெரியும். அதனாலதான் இம்புட்டு நாளும் சொல்லல."

"அப்ப இப்ப ஏன் சொல்றீங்க?"

"நீ கேட்ட, சொன்னேன்" என்று சொல்லிவிட்டு டொரத்தி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் வெளியே செண்டோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அவள் இறங்கிப் போகவில்லை.

இரண்டு வாரம் டீனா வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு வேனோடு வந்தாள். "டாடிய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். டொரத்தி தடுக்கவில்லை. மருந்துகளை எடுத்துக் கொடுத்தாள், எது எந்த வேளைக்கு என்று சொன்னாள். கஞ்சியைக் கெட்டியாக வைக்கக் கூடாது, புரையேறும் என்றாள். நீலக் கட்டச் சட்டையையும் மடித்து வைத்தாள்.

அடுக்குமாடியில் எல்லோரும் டீனாவைத்தான் ஏசினார்கள். "பெத்த பொண்ணே இப்படிப் பிரிச்சி வைக்குமா? அந்த மனுஷன் அக்கா கையப் புடிச்சிக்கிட்டு இருந்தத நான்தானே பாத்தேன்" என்று ஹாஜிரா போனிலிருக்கும் படத்தை எல்லாருக்கும் காட்டினாள். டொரத்தி எதையும் மறுக்கவில்லை, மகளுக்காக ஒரு வார்த்தை பேசவுமில்லை. கேட்டவர்களிடம், "அவ நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அதுவும் அவளுக்கு நல்ல பெயரையே கொடுத்தது.

ஆனால் வீட்டில் கை சும்மா இருந்தது. காலையில் எழுந்து யாரையும் புரட்டிப் போட வேண்டாம், யாருக்கும் ஊட்ட வேண்டாம். அவரைத் தேடினாள் என்று சொல்ல முடியாது. அவர் தன் கையில் இருந்ததைத் தேடினாள். இரண்டு வருஷமும், அவர் எப்போது சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது. வாழ்க்கையில் அவள் கைக்கு வந்த ஒரே அதிகாரம். அதை மகள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ரயில் ஏறிச் செந்தூலுக்குப் போய் வருவாள். டீனா கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள். அப்பாவோடு அம்மாவைத் தனியாக மட்டும் விட மாட்டாள். டொரத்தி கைப்பையை மடியில் வைத்தபடி சோபா நுனியில் உட்கார்ந்திருப்பாள். முதல் மாதம் டீனா பாட்டுப் போட்டு, கதை சொல்லி, அப்பாவுக்கு ஊட்டினாள். இரண்டாவது மாதம் பாட்டு நின்றது. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கக் கேட்டிருந்தாள். ராத்திரித் தூக்கம் கிடையாது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேசைமேல் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. டீனா கிண்ணத்தோடு அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"வாயத் தொறங்க டாடி."

"ஆமா" என்றார் பல்லைக் கடித்தபடி.

"தொறங்கன்னு சொல்றேன்ல!"

கரண்டியை உதட்டில் வைத்து அழுத்தினாள். கஞ்சி தாடையில் வழிந்தது. அவள் இன்னொரு கையால் அவர் மோவாயைப் பிடித்து, கரண்டியை உள்ளே திணித்தாள். பல்லில் இடித்து நறுக்கென்று சத்தம் கேட்டது. கீழுதட்டில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. டீனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.

செபாஸ்டியனின் கண்கள் அலைந்து, சோபாவுக்கு வந்து, டொரத்திமேல் நின்றன. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் அவளிடம் ஒன்றைக் கேட்டார். என்ன கேட்கிறார் என்று அவளுக்கு நன்றாகப் புரிந்தது. எழுந்து போய் அந்தக் கிண்ணத்தை வாங்கினால் போதும். கஞ்சி கெட்டி, கொஞ்சம் வெந்நீர் விடு என்று சொன்னால் போதும்.

டொரத்தி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நேரமாச்சு, வரேன்" என்றாள். "விட்டா ரயில் போயிரும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு இரும்புக் கதவைத் தானே சாத்தினாள். லிஃப்ட் வர நேரமாயிற்று. உள்ளேயிருந்து "ஆமா... ஆமா..." என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. லிஃப்ட் வந்ததும் ஏறிக் கீழே போய்விட்டாள்.